இது புட்டு மாயம் அல்ல

7 ஜூலை 2025, திங்கள்

வெப்சைட் வழியாக இன்றும் ஒரு ஆர்டர் கூட இல்லை. ஒரே ஒரு அழைப்பு வந்தது. பாய்ந்து எடுத்தேன். "சார், உங்க வெப்சைட் கூகுள்ல முதல் பக்கத்துல வரல, நாங்க கொண்டு வர்றோம்" என்று எவனோ ஒருவன். அது வராதது எனக்குத் தெரியாதா? போன வருஷம் இதே பாட்டைப் பாடிய ஒருவனை நம்பினேன். முப்பது நாளில் முதல் பக்கம் என்றான். முப்பதாவது நாள் அவன் நம்பரே வேலை செய்யவில்லை.

செப்டம்பர் முடிவில் கடை வாடகை ஒப்பந்தம் முடிகிறது. ஜொகூரில், அதுவும் உலு திராமில், இந்த வரிசையில் ஒரு கடை காலியானால் மறுநாளே ஆள் வந்துவிடும். அதற்குள் கெண்டூரி விருந்து, கல்யாணம் என்று பெரிய ஆர்டர்கள் வர ஆரம்பிக்காவிட்டால் என் மனைவி பஸீலாவின் இடியாப்ப அடுப்புக்குப் பூட்டு. எனக்கு மறுபடியும் சிங்கப்பூருக்குப் போகும் பாலம். பஸீலாவின் அண்ணன் நெய்னா மச்சான் சிங்கப்பூரில் தன் உணவகத்துக்கு மேற்பார்வையாளர் தேடுகிறார். பாசமாகத்தான் கூப்பிடுகிறார். அதுதான் இன்னும் எரிச்சல்.

தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போன அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

9 ஜூலை, புதன்

இன்றும் இல்லை.

12 ஜூலை, சனி

பக்கத்து வரிசை வீட்டில் இருக்கும் பிரவீனா, அவள் அம்மாவுக்கு இடியாப்பம் வாங்க வந்தாள். வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வெப்சைட் வேலை பார்க்கிற பெண். கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, "நம்மதையும் கொஞ்சம் பாரும்மா" என்றேன். நின்ற இடத்திலேயே போனில் திறந்தாள். திறந்தாள் என்று சொல்வதா? திறக்கும் வரை காத்திருந்தாள்.

"அங்கிள், படமெல்லாம் இவ்வளவு பெருசா ஏத்தியிருக்கீங்க. யாரு லா இவ்வளவு நேரம் நிப்பா? சரி, உங்க போன் நம்பர் எங்க?"

"அதோ, மேலே கொட்டை எழுத்துல இருக்கே."

"அது போஸ்டர் படம் அங்கிள். அதை அமுக்குனா கால் போகாது. கடை விலாசம், நேரம், எல்லாமே படத்துக்குள்ள. கூகுளுக்கும் எழுத்தா இருந்தாதான் நல்லா புரியும்."

அப்புறம் எதையோ தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். போன வருஷத்துக்காரன் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "ஜொகூரில் சிறந்த உணவு" என்று பத்தி பத்தியாக எழுதி வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். பிடிபட்டால் நம்மைத்தான் பின்னால் தள்ளுமாம். அதாவது, என்னைக் கவிழ்க்க எனக்கே பில் போட்டிருக்கிறான். நாசமாப் போறவன்.

சர்ச் கன்சோல் என்று ஒன்றில் எங்கள் வெப்சைட்டைப் பதிந்து கொடுத்தாள். மக்கள் எதைத் தேடும்போது நம் பக்கம் தலைகாட்டுகிறது என்று அது சொல்லுமாம். "ரெண்டு வாரம் போகட்டும், பாப்போம். அது வரைக்கும் தலைப்பை மாத்தாதீங்க."

19 ஜூலை, சனி

படங்களைச் சுருக்கினேன். நம்பரை எழுத்தாகப் போட்டேன். வெள்ளை எழுத்துக் குப்பையை அள்ளினேன். முகப்புப் பக்கத்தின் தலைப்பு இத்தனை நாளும் வெறும் "ஹோம்" என்றே இருந்திருக்கிறது. யார் வீடு? மானம் போகிறது. பிரவீனா சொன்னதைக் கேட்காமல் மாற்றிவிட்டேன்: பஸீலா இடியாப்பம், உலு திராம். பார்க்கவே நன்றாக இருந்தது.

23 ஜூலை, புதன்

முதல் இடம்!

போனில் "இடியாப்பம் உலு திராம்" என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள். அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பஸீலாவிடம் காட்டினேன்.

"யாரு தேடுனா?"

"நான்தான்."

"வேற யாரு?"

மாவு பிசையும்போது இவளிடம் பேசவே கூடாது.

26 ஜூலை, சனி

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பிரவீனா அந்தக் கணக்கைத் திறந்து காட்டினாள். இடியாப்பம் என்று தேடியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், அதில் பாதி நானாகத்தான் இருக்கும். மற்ற எல்லாம் ஒரே வார்த்தை, இடியாப்பத்துக்கு இங்கே மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர். புட்டு மாயம் உலு திராம். புட்டு மாயம் கெண்டூரி. புட்டு மாயம் ஜொகூர். அப்படித் தேடுகிறவர்களுக்கும் நம் பக்கம் எங்கோ கீழே தலைகாட்டுகிறது. ஆனால் யாரும் உள்ளே வருவதில்லை. ஒரு ஆள் கூட.

"அந்த வார்த்தையே நம்ம பக்கத்துல கிடையாதே" என்றேன். நான் இருக்க விடுவேனா?

"இருக்கு அங்கிள்" என்று அவளே தேடிக் காட்டினாள். மூன்றாவது பக்கத்தில் எங்கள் பெயர். பெயருக்குக் கீழே கூகுள் நம் பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போடும் அல்லவா, அங்கே மலாய் மொழியில், நானே எழுதியது: "இது புட்டு மாயம் அல்ல. தயவு செய்து அப்படி அழைக்காதீர்கள்."

வெப்சைட் தொடங்கிய வாரம் ஆசையாக எழுதிய வரி. சரியான பெயரை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று. புட்டு மாயம் வேண்டும் என்று தேடி வருகிறவன் கண்ணில் படுகிற ஒரே வரி அதுதான். இங்கே அது இல்லை, போய்வா என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"பேரை மாத்தணும் அங்கிள். ஜனங்க என்ன டைப் பண்றாங்களோ அதைத்தான் நாம..."

"அது தப்பான பேரும்மா."

"தப்போ சரியோ, அதைத்தானே தேடுறாங்க?"

குரலை உயர்த்திவிட்டேன். என் கடைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவள் இடியாப்பப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸீலா கொஞ்ச நேரம் கழித்து, "நெய்னா காக்கா போன் பண்ணுனாங்க. அக்டோபர்லேர்ந்து வரச் சொல்றாங்க. என்ன சொல்ல?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

புட்டு வேற, இடியாப்பம் வேற. சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அப்புறம் அது என்ன மாயம்? எவன் மாயமாப் போனான்? தமிழ்ப் பத்திரிகைல ஒற்றுப் பிழை வந்தாக்கூட வாசகர் கடிதம் எழுதுறவன் நான். என் கடைப் பலகைல நானே தப்பா எழுதணுமா?

கோபம் அதற்காக மட்டும்தானா என்றும் யோசித்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்த அத்தனை வருஷமும் சூப்பர்வைசர் என்னை "அமி" என்றுதான் கூப்பிட்டான். அமீர் என்று எத்தனை தடவை சொன்னேன். சம்பளச் சீட்டில் கூட ஒரு வருஷம் அமி என்று வந்தது. அப்புறம் நானும் அமி என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். சொந்தக் கடை போட்டபோது இங்கே எதுவும் அதன் பெயரிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இதைப் போய் யாரிடம் சொல்வது?

3 ஆகஸ்ட், ஞாயிறு. மூவார்

பஸீலாவின் சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம். காலையில் ஹோட்டல் அறையில் எனக்குப் பசி உயிர் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து பஸீலா சிரிக்கும் சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. கட்டிலில் போய் விழுந்து சிரித்தாள்.

"என்ன?"

"என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க."

பார்த்தேன். என் விரல், என் போன். ஆங்கில எழுத்தில்: புட்டு மாயம் மூவார்.

அலமாக். நான் என்ன செய்ய? மூவாரில் இடியாப்பம் என்று தட்டினால் எந்தக் கடை வரப்போகிறது? பசிக்கிறவன் கடைக்காரனுக்குப் புரிகிற வார்த்தையைத்தானே சொல்வான்? இதை எழுதும்போதே காது சுடுகிறது.

ஒரு கடை வந்தது. போனோம். தேங்காய்த் துருவலும் சிவப்புச் சீனியும் நன்றாகத்தான் இருந்தன. இடியாப்பம் பஸீலாவுடையது போல மெல்லிசாக இல்லை. கடை நிறையக் கூட்டம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு பிரவீனா வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "அன்னிக்குக் கொஞ்சம் சூடாயிட்டேன்மா" என்றேன். "கொஞ்சமா?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

தலைப்பு இப்போது: புட்டு மாயம் உலு திராம், பஸீலா இடியாப்பம். மாற்றுவது என்று ஆனபின் எனக்கு வேகம் வந்து, இருபது இடத்தில் புட்டு மாயம் புட்டு மாயம் என்று போட்டேன். அவள் பத்தொன்பதை அழித்தாள். "தலைப்புல ஒண்ணு, அப்புறம் பேசுறப்ப எங்க தானா வருமோ அங்க. கூகுளுக்கு எழுதாதீங்க அங்கிள், பசிக்கிறவங்களுக்கு எழுதுங்க."

போனில் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளைச் சொல்லச் சொன்னாள். கெண்டூரிக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், நூறு பேருக்கு எவ்வளவு போதும், மாசாய் வரைக்கும் கொண்டுவருவீர்களா. சலிப்போடு பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அதையே ஒரு பக்கமாக எழுத வைத்தாள். மேப்பிலும் கடையைப் பதிந்து சரியான நேரத்தைப் போட்டோம்.

"இது புட்டு மாயம் அல்ல" வரியை நானே அழித்தேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி மட்டும் கேட்டு வாங்கினேன்: எங்கள் வீட்டில் இதன் பெயர் இடியாப்பம். "இருக்கட்டும் அங்கிள், நல்லாருக்கு" என்றாள்.

16 ஆகஸ்ட், சனி

ஒன்றும் நடக்கவில்லை. பெயரையும் விட்டுக்கொடுத்தாச்சு, பலனும் இல்லை. பொறுக்கணும் அங்கிள், வாரக் கணக்குல ஆகும் என்கிறாள். என்னிடம் இருப்பதே வாரக் கணக்குதான்.

இதற்கு நடுவில் நெய்னா மச்சான் வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து மேப்பில் எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். மாமியார் முதல் மருமகள் வரை ஒரே வாசகம், எழுத்துப்பிழை கூட ஒன்றே. யாரும் இந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. பிரவீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். உதவி செய்தவரிடம் போன் போட்டு, உதவியை அழியுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மச்சானுக்கு வருத்தம். எனக்கு எரிச்சல். வேலைக்கு வருவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

ஒரு பெண் குரல், மலாய்க்காரர். வெப்சைட்டில் பார்த்தாராம். அடுத்த வாரம் அவர்கள் தொழுகைக் கூடமான சூராவில் நபி பிறந்தநாள் மவுலிது விருந்து, புட்டு மாயம் கிடைக்குமா என்று கேட்டார். நூறு பேருக்கு எவ்வளவு என்பதையும் அவரே படித்துச் சொன்னார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "கிடைக்கும் மக்சிக்" என்று மரியாதையாகச் சொன்னேன். பஸீலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

5 செப்டம்பர், வெள்ளி

சூராவுக்குக் கொண்டுபோனோம். ஒரு துண்டு மிஞ்சவில்லை. அங்கேயே இரண்டு பேர் நம்பர் கேட்டார்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

தட்டு போதவில்லை. கடன் கேட்கலாம் என்றால் வரிசையில் வேறு யாரும் இடியாப்பம் போடுவதில்லை. பஸீலாவுக்குத் தோள் வலி. எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, வேலை செய்ய விடுகிறதா?

மச்சானுக்கு நானே கூப்பிட்டேன். "வரல மச்சான்" என்றேன். "தங்கச்சி சந்தோஷமா இருக்காளா?" என்று கேட்டார். தோள் வலி என்று புலம்புகிறாள் என்றேன். சிரித்தார்.

27 செப்டம்பர், சனி

நேற்று வாடகை ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டோம்.

காலையில் அந்த சூரா மக்சிக் நேரிலேயே வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தமாம். புட்டு மாயம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கையை ஆட்டி என்னை நிறுத்தினார். வெப்சைட்டில் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே என்றார். பிறகு பஸீலாவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் பொறுக்கி, "இ-டி-யாப்-பம்" என்றார். சரியா என்று என்னைக் கேட்டார். ரொம்பச் சரி, புட்டு மாயம் என்றாலும் சரிதான் என்றேன்.

மதியம் தார்ப்பாயை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைத்துப் படம் எடுத்தேன். விற்பனை விளம்பரத்தில் கம்பெனிப் பெயர், மாடல், வருஷம் எல்லாம் முறையாக எழுதினேன். பஸீலா படித்துப் பார்த்தாள்.

"இதை யாரு தேடுவா? 'பாலம் போற மோட்டார்'னு போடுங்க."

போட்டுவிட்டேன்.