கினு அக்கா நீட்டிய மேளக்குச்சிகள்

ஸ்டீவ்ஸ்டன், கனடா
18 ஆகஸ்ட் 1931

அம்மாவுக்கு இவாகிச்சி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன சனிக்கிழமை நம் ஜப்பானில் போலவே இங்கேயும் ஓபோன் திருவிழா நடந்தது. இறந்தவர்கள் வீடு திரும்பும் நாளல்லவா. வசந்தத்தில் படகு கவிழ்ந்தபோது நான் லேசாக நனைந்ததோடு சரி என்று எழுதியிருந்தேன். கூட வந்த டொமேசோ அண்ணன் கரை திரும்பவில்லை என்பதை எழுத மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

வருடாவருடம் திருவிழா ஆட்டத்துக்கு மேளம் அடிப்பவர் அவர்தான். இம்முறை மேளம் சும்மா கிடந்தது. அவர் மனைவி கினு அக்காவின் கண்ணில் படாமல் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அக்காவே தேடி வந்து மேளக்குச்சிகளை நீட்டினார்.

"அக்கா, நான் எப்படி..."

"பொழச்சு வந்தவன் நீதானேடா? சத்தம் கேக்காட்டி அவருக்கு வழி எப்படித் தெரியும்? அழுதுகிட்டே அடி, பரவாயில்ல. தாளத்த மட்டும் விட்டுடாதே."

அடித்தேன். முதல் ஆளாக அக்காதான் ஆடினார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

நம் ஊர்த் தாளம் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மீதியை மாமாவிடம் கேட்டு எழுதுங்கள். நீங்கள் போட்ட பிளம் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கினு அக்காவுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். அவருக்குத் தாய் இல்லை.

மீன் ஆலையில் சங்கு ஊதிவிட்டது. ஓடுகிறேன்.

இவாகிச்சி