இன்னும் வரவில்லை என்று சொன்ன நாட்கள்

மாமா,

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதே ஷூ பாலிஷ் வாசனை வந்தது. வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்த கறுப்பு ஷூ. ராணுவத்திலிருந்து வந்தவர் என்று சொல்ல வேண்டியதே இல்லை. கையில் இருந்த பையிலிருந்து ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்து, துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார். வங்கியில் காவல் வேலையாம். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் எடுப்பார்களாம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மாதக்கணக்கில் ஆகும் என்றேன். இருபது வருஷம் துப்பாக்கியோடு படுத்து எழுந்தவனுக்கு இப்படி ஒரு காத்திருப்பா என்று சலித்துக்கொண்டார். வழக்கமாக இங்கே விண்ணப்பம் போட வருகிறவர்களோடு சேர்ந்து நானும் அலுவலகங்களைத் திட்டுவேன். இன்று வாய் வரவில்லை. படிவத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.

இப்படி ஒரு காத்திருப்பா என்று நீங்களும் அன்று சலித்துக்கொண்டீர்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தேன். ராணுவத்தில் லாரி ஓட்டினீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதும் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்தீர்கள். கையில் ஒரு மூங்கில் தடி. லாரி நம்பர் எழுதுவதும் கேட்டைத் திறப்பதும்தான் வேலை. உங்கள் பெண் தமிழரசி நர்சிங் சேர்ந்த வருடம் வங்கிக் காவலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி ஒன்றில் கேட்டீர்கள். துப்பாக்கி வேண்டும் என்றார்கள். என் கடைக்கு வந்தீர்கள். உங்கள் செல்போனில் எழுத்து தெரியவில்லை என்று எல்லாப் படிவத்திலும் என் நம்பரைப் போடச் சொன்னீர்கள். லைசென்ஸ் படிவத்தில் மட்டுமல்ல, ஏஜென்சி படிவத்திலும்.

அது மாசி மாதம். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவீர்கள். ஃபைல் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வீர்கள். போலீஸ் விசாரணை வைகாசியில்தான் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் உங்களைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். “எதுத்த வூட்டு ஆளுக்கு நான் குடிக்கறேனா இல்லியான்னு எப்படித் தெரியும்? என்னயே கேட்டா சொல்லப்போறேன்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். தமிழரசி பக்கத்தில் நின்றுகொண்டு, துப்பாக்கி வந்தால் முதலில் தன் கல்லூரி பிரின்சிபாலைத்தான் சுடக் காட்டப்போவதாகச் சொன்னாள். நீங்கள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஆடியில் அது நடந்தது. அன்று அவளுக்குப் பரீட்சை. பஸ் போய்விட்டது. நீங்கள் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தீர்கள். கோரிமேட்டுக்கு முந்தின திருப்பத்தில் ஒரு டிப்பர் லாரி இடித்துவிட்டுப் போனது. வீட்டில் இருந்தது ஒரே ஹெல்மெட். ராணுவத்துப் பழக்கத்தில் யோசிக்காமல் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் தோளுக்குக் கட்டுப் போட்ட இளம் டாக்டர், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “ஹெல்மெட் இருந்ததால தப்பிச்சீங்க” என்றார். அப்போது உங்கள் பக்கத்தில் நான் இருந்தேன். நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உங்கள் முகம் அப்படியேதான் இருந்தது.

அவளுக்குக் காரியம் முடிந்த மறுநாள் கம்பெனி வேலையை விட்டீர்கள். கைக்கடிகாரத்தை எங்கள் தம்பிக்குக் கொடுத்தீர்கள். பென்ஷன் புத்தகம், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி, எது எதற்கு என்று அக்காவிடம் விளக்கினீர்கள். மனுஷன் கொஞ்சம் தெளிந்துவிட்டார், எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணுகிறார் என்று அக்கா என்னிடம் நம்பிக்கையாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். புறப்படப் போகிறவர்தான் இப்படி ஒழுங்கு பண்ணுவார் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு வந்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக, “செல்வி, அந்த லைசென்ஸ் வந்துச்சா?” என்றீர்கள். வேலைக்குப் போக வேண்டும் என்றீர்கள். அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாக ஏஜென்சிக்காரர்கள் என் போனுக்குச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. உங்களிடமும் நான் சொல்லியிருந்தேன். நீங்கள் அதை மறந்துவிட்டீர்களா, நான் மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா, தெரியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, என் போனில் செய்தி வந்தது. உரிமம் வழங்கப்பட்டது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் படியேறினீர்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். “இன்னும் வரல மாமா” என்றேன்.

ஒன்பது நாள் அப்படிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். ஒருநாள் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னீர்கள். விண்ணப்ப எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்து, சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். முன்பெல்லாம் தாமதத்துக்குத் திட்டுவீர்களே, அந்த நாட்களில் ஒருமுறைகூடத் திட்டவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வரை அந்த நாற்காலியிலேயே இருந்துவிட்டுப் போவீர்கள். எனக்கு உங்கள் பொறுமைதான் பயமாக இருந்தது.

வேறு ஏதோ தேசங்களில், பணத்தைக் கட்டிவிட்டாலும் சில நாள் கழித்துத்தான் துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள் என்று பிறகு எங்கோ படித்தேன். அங்கேயும் ஜனங்கள் அதைத் திட்டுகிறார்களாம். இங்கே அப்படித் தனியாக ஒரு கெடு கிடையாது. ஃபைல் நகர்கிற மாதங்கள்தான் கெடு. உங்கள் விஷயத்தில் அந்த மாதங்கள் எல்லாம் தமிழரசி இருந்தபோதே பெரும்பாலும் கழிந்துவிட்டன. தேவைப்பட்ட நேரத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. மிச்சத்தைப் பொய் சொல்லித்தான் உண்டாக்கினேன்.

ஒன்பதாம் நாள்தான் தபால் ஞாபகம் வந்தது. அலுவலகத்திலிருந்து வீட்டு விலாசத்துக்கும் கடிதம் வரும். தபால்காரர் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். கடையைப் பூட்டிவிட்டு அக்காவிடம் ஓடினேன். நீங்கள் முடிவெட்டப் போயிருந்தீர்கள். அக்கா சலூன் வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். உங்கள் மனதில் இருந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்களை எங்கேயும் தனியாக விடாமல் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

லைசென்ஸ் வந்துவிட்டதைச் சொன்னேன். நிறுத்தி வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம், ஆனால் வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அக்கா கண்ணாடிக் கதவு வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உங்கள் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

“நீ போடு” என்றாள். “நான் போட்டன்னு தெரிஞ்சா அவுரு என் கையால சோறு தின்ன மாட்டாரு. அப்புறம் எப்படி நான் அவரப் பாத்துக்கறது?”

நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி இரண்டு முறை படித்தார். “விசாரணைக்கு ஆள் போவாங்க. அவருக்குத் தெரிஞ்சிடும். பரவாயில்லியா?” என்றார். பரவாயில்லை என்றேன். மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள், விசாரணைக்கு ஆள் வந்துபோன கையோடு, நீங்கள் கடைக்கு வந்தீர்கள். உட்காரவில்லை.

“நீதான?”

“ஆமா மாமா.”

“மெசேஜ் எப்ப வந்துச்சு?”

சொன்னேன். விரல் விட்டு எண்ணினீர்கள்.

“அத்தினி நாளும் என் மூஞ்சப் பாத்துப் பொய் சொல்லியிருக்க” என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. “பெத்த புள்ளயக் கொன்னுட்டு உக்காந்துக்கினு இருக்கறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ன இங்கயே உக்கார வச்சிட்ட.”

படியிறங்கிப் போனீர்கள். அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்கு வந்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவீர்கள். என் பெண் கல்யாணத்துக்கு வந்து, மண்டபத்து வாசலிலேயே நின்று, சாப்பிடாமல் திரும்பிவிட்டீர்கள். அது என் மேல் கோபத்தினால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே தமிழரசி வயதுப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு ஓடியாடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா உங்களைப் பதினைந்து நாளுக்கு ஒருதரம் ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரையை அவள் எதிரிலேயே விழுங்க வேண்டும். முதல் வருடம் முழுக்க டாக்டரிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். இரண்டாம் வருடம் ஏதோ ஒருநாள், அறையை விட்டு அவளை வெளியே இருக்கச் சொன்னீர்களாம். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது உங்கள் சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது என்றாள்.

கார்த்திகையில் உயிரோடு இருக்கிறோம் என்று பென்ஷன்காரர்கள் சான்று கொடுக்க வேண்டும். விரலை மெஷினில் வைத்தால் போதும். இரண்டு வருடமும் வேறு கடைக்குப் போனீர்கள். மூன்றாவது வருடம் என் கடைக்கு வந்தீர்கள். ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றீர்கள். உங்கள் முறை வந்ததும் கட்டைவிரலை நீட்டினீர்கள். மெஷின் எடுக்கவில்லை. துடைத்து மறுபடி வைத்தேன். எடுக்கவில்லை. வேறு விரல் வைத்தோம். நான் உங்கள் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாம் முறை பச்சை விளக்கு வந்தது.

எல்லாரும் போகும்வரை இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

“அந்த நாளுங்கள்ல, இங்க உக்காந்துக்கினு இருந்தப்ப, ஒருநாள் எனக்குப் பசிச்சுது. பக்கத்துக் கடையில பரோட்டா போட்டுக்கினு இருந்தான். புள்ள போய் ஒரு மாசம் ஆவல, எனக்குப் பசிக்குது. அவ்ளோ வெக்கமா இருந்துச்சு.” சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு, “அந்தத் துப்பாக்கி முன்னாடியே கைக்குக் கெடச்சிருந்தா, பசி வர்றதுக்குள்ள போயிருப்பேன்” என்றீர்கள்.

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. “அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத” என்று சொல்லிவிட்டுச் சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

அப்புறம் ஆறு கார்த்திகை வந்தீர்கள். நல்லபடியாக வாழ்ந்தீர்கள் என்று நான் பொய் எழுதமாட்டேன். பைக்கைத் தொடவே இல்லை. எங்கே போவதானாலும் நடை. ஆடி மாதம் முழுக்க யாரோடும் பேசமாட்டீர்கள். ஆனால் அக்காவோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டீர்கள். இறால் வாங்கி வந்து நீங்களே சுத்தம் செய்தீர்கள். என் பேரன் தவழ்ந்து வந்து உங்கள் வேட்டியைப் பிடித்தபோது தள்ளிவிடாமல் இருந்தீர்கள். ஒரு வருடம் கழித்து அவனைத் தூக்கினீர்கள். இதெல்லாம் அந்தத் துயரத்துக்கு ஈடாகுமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உங்களை இருக்க வைத்தேன். இருந்து பட்டது எல்லாம் நீங்கள். இந்தக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை.

கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். ஒரு சாயங்காலம், அக்கா காபி வாங்கப் போயிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே என்னைக் கூப்பிட்டீர்கள்.

“அன்னிக்கு ஆபீசுல எழுதிக் குடுத்தியே. என்னைப் பத்தி என்னா எழுதுன?”

எத்தனையோ வருடம் ஆகியும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. சொன்னேன். இவர் என் அக்காள் கணவர். மிகவும் நல்லவர், இதுவரை யாருக்கும் தீங்கு செய்யாதவர். மகளை இழந்த துக்கத்தில் இருக்கிறார். இவர் கையில் இப்போது துப்பாக்கி கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். “பைத்தியம்னு எழுதலியா?”

“இல்ல மாமா.”

“எப்பவும் குடுக்காதீங்கன்னு?”

“இல்ல. இப்போதுன்னுதான் எழுதுனேன்.”

மறுபடி கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு, “அப்பச் சரி” என்றீர்கள். என் கையைத் தேடி எடுத்து உங்கள் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டீர்கள். அக்கா வந்த பிறகும் எடுக்கவில்லை.

மன்னித்தீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மனு எழுதிய அன்று ‘இப்போது’ என்ற அந்தச் சொல்லை நான் யோசித்துப் போடவில்லை, மாமா. கை தானாக எழுதியது. என்றைக்காவது ஒருநாள் நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள் என்று எனக்குள் ஏதோ ஒன்று நம்பியிருக்க வேண்டும். உங்களை நம்பி எழுதிய அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருக்கிறது.

செல்வி