டப்பா திறக்கும் கவராயம்

மிஷன் ஆஸ்பத்திரி
12-2-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

செண்பகராஜ் எழுதுவது. மதினிக்கு மூட்டுவலி குறைந்ததா? பேபி தையல் வகுப்புக்குப் போகிறாளா? சித்தப்பா கேட்டதாகச் சொல்லுங்கள். பருத்தி வெடிக்கிற நேரம் இது. ஜின்னிங் பாக்டரிகளிலிருந்து நம் லேத்துப் பட்டறைக்கு வேலை வந்து குவிந்திருக்கும்.

இங்கே வந்து பதினோரு மாதம் ஆகிறது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே உறையின் மேல் ஆஸ்பத்திரிப் பெயரை எழுதவில்லை. பெருவியாதி, குஷ்டம் என்ற பேச்சு நம் தெருவுக்குள் வர வேண்டாம்.

மாத்திரை வேலை செய்கிறது. முதுகிலிருந்த படை மங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் சுருண்டது மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் ஆபரேஷன் செய்து நிமிர்த்தலாம் என்கிறார்கள் டாக்டர் அம்மா.

நான் எழுதவந்தது வேறு. என் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சிவனாண்டி, நம் புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். வெளிநாட்டிலிருந்து தருமமாக வரும் பால்மாவு, வெண்ணெய் டப்பாக்களை அவர்தான் அரிவாள் மூக்கால் குத்தித் திறப்பார். போன மாதம் ஒரு நாள் காய்ச்சிய பால் சிவப்பாக இருந்தது. பார்த்தால் அவர் உள்ளங்கை பிளந்து கிடக்கிறது. “எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எங்கள் கைக்கு வலி தெரியாது அண்ணே. வியாதி விரலைத் தின்பதில்லை, வலி தெரியாத புண்தான் தின்கிறது என்று டாக்டர் அம்மா சொல்வார்கள். புண் புரையோடி, சிவனாண்டிக்குச் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

கடையில் விற்கும் திறப்பான்களை விரல் நுனியால் திருக வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு நுனி இல்லை. டப்பாவும் ஒரே அளவில் வருவதில்லை. ஒன்று டம்ளர் அகலம், ஒன்று சோற்றுத்தட்டு அகலம். யோசித்து ஒரு படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கவராயம் மாதிரிதான். மூடியின் நடுவில் ஒரு முள் குத்தி நிற்கும். அதிலிருந்து ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தில் ஓர் அலகு முன்னும் பின்னும் நகரும். டப்பாவின் அளவுக்கு அலகை நகர்த்தி, திருகாணியால் இறுக்கி, கைப்பிடியை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் மூடி வட்டமாக வந்துவிடும். கை தகரத்தின் பக்கத்திலேயே போகாது.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இதை மட்டும் செய்து அனுப்புங்கள்.

உங்கள் தம்பி
செண்பகராஜ்


கோவில்பட்டி
9-3-1958

தம்பி செண்பகராஜுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். படம் கிடைத்தது.

நடு முள்ளை ஈர்க்குச்சிக் கனத்துக்குக் காட்டியிருக்கிறாய். அது முதல் டப்பாவிலேயே வளைந்துவிடும். பென்சில் கனம் வைக்கிறேன். அலகுக்குத் தேய்ந்த அரம் ஒன்று கிடக்கிறது. அதைக் காய்ச்சி அடித்தால் பிளேடு மாதிரி நிற்கும். டப்பாக்களின் குறுக்களவை நூலால் அளந்து, நூலையே உறையில் வைத்து அனுப்பு. நீ அங்குலம் எழுதினால் எனக்கு நம்பிக்கை வராது. சின்ன வயதிலிருந்தே உனக்கு அரைக்கால் அங்குலம் தப்பும்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கொழும்பில் ஒரு மோட்டார் கம்பெனியில் இருப்பதாகத்தான் இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம். பேபிக்குச் சாத்தூரில் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். பையன் கூட்டுறவு பாங்கில் இருக்கிறான். அது முடிகிற வரைக்கும் நீ புரிந்து நடந்துகொள்ள வேண்டும்.

பூவனலிங்கம்


மிஷன் ஆஸ்பத்திரி
20-4-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. நான் அனுப்பிய நூல் அளவுக்குச் சரியாக இருக்கிறது. உங்கள் கை வேலை என்று உறையைப் பிரிக்கும்போதே தெரிந்தது. முடிச்சில் கூடப் பிசிறு இல்லை. பேபியின் சம்பந்தம் கேட்டு சந்தோஷம். நான் கொழும்பில் நன்றாக இருக்கிறேன். அங்கே வெயில் குறைவு.

முதல் நாளே பெரிய கூட்டம். நர்ஸ் எஸ்தர்ராணி பெரிய வெண்ணெய் டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார்கள். முள்ளைக் குத்தி, அலகை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றினேன். மூடி தோசை மாதிரி எழும்பி வந்தது. பெண்கள் வார்டிலும் கேட்டு வாங்கிப் போய் அன்றைக்கே பத்தொன்பது டப்பா திறந்துவிட்டார்கள்.

ஆனால் இரண்டு குறை. கோபப்படாமல் வாசியுங்கள். ஒன்று, திருகாணி. அது என் யோசனைதான், தப்பும் என்னுடையதுதான். எனக்கு இன்னும் விரல் இருக்கிறது, அதனால் தோன்றவில்லை. சிவனாண்டி அதைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திருகினார். எஸ்தர்ராணி பிடுங்கி வைத்துவிட்டார்கள். இரண்டாவது, கைப்பிடி ஒல்லி. அழுத்துகிற பாரம் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்து உள்ளங்கையில் கொப்புளம் போடுகிறது. எங்களுக்கு அது தெரியவும் தெரியாது. மண்வெட்டிப் பிடிக் கணை அளவுக்குப் பருமனாக இருந்தால் பாரம் பரவும்.

விரல் இல்லாமல் ஒன்றை எப்படி இறுக்குவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இரண்டு மாதமாகக் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. இன்னும் சில மாதம் தொடர்ந்து அப்படியே வர வேண்டும்.

செண்பகராஜ்


கோவில்பட்டி
18-5-1958

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் என் இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி, மதினியிடம் கொடுத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னேன். “உங்களுக்கு என்ன, கிறுக்குப் பிடிச்சுட்டா” என்றாள். காரணத்தைச் சொன்னதும் இறுக்கிக் கட்டினாள்.

அப்படியே பட்டறையில் உட்கார்ந்தேன். திருகாணியைத் தொடக்கூட முடியவில்லை. பீடி பற்ற வைக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மத்தியானம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மதினிதான் சோறு ஊட்டினாள். நாலாவது கவளத்தில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன்.

செண்பகராஜ், நீ போன அன்றைக்கு நீ படுத்த பாயையும் தலையணையையும் கொல்லையில் வைத்து எரித்தது நான்தான். நீ பஸ் ஏறுகிற வரைக்கும் கூடக் காத்திருக்கவில்லை. உன் முதல் இரண்டு கடிதங்களும் வந்தன. வாசித்தேன். பதில் எழுதக் கை வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

வேலை விஷயம். அன்றைக்குக் கட்டின கையோடுதான் வழி கிடைத்தது. திருகாணி வேண்டாம். சட்டத்தின் மேல்விளிம்பில் கால் அங்குலத்துக்கு ஒன்றாகப் பல் வெட்டியிருக்கிறேன். அலகு மாட்டிய கூட்டின் மேல் ஒரு நாக்கு தொங்குகிறது. மணிக்கட்டால் நாக்கைத் தூக்கி, அலகைத் தள்ளி, விட்டுவிட்டால் தானே பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். விரலுக்கு வேலையே இல்லை. செய்து முடித்ததும் மறுபடி கையைக் கட்டச் சொல்லி, ஏழு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் துணியை அவிழ்த்தேன். கைப்பிடி வேப்பங்கட்டையில் கடைந்தது, கணைப் பருமன். பார்சல் தனியாக வருகிறது.

சிவனாண்டியிடம் கொடுத்துப் பார். அவர் சொல்லுகிறதை அப்படியே எழுது.

உன் அண்ணன்
பூவனலிங்கம்


மிஷன் ஆஸ்பத்திரி
27-7-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்கு ஆபரேஷன் ஆகி மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். முழங்கைப் பக்கத்துத் தசைநார் ஒன்றை எடுத்து விரலுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார்களாம். நம் பட்டறை வேலை மாதிரியே இருக்கிறது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னேன்; சிரித்தார்கள். இதனால்தான் கடிதம் தாமதம்.

பாய் விஷயத்தை எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியும் அண்ணே. பஸ் திரும்பும்போது புகை தெரிந்தது. நீங்கள் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னதற்குப் பிறகு அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

இனி சிவனாண்டி சொன்னது. முதலில் சின்னப் பால் டப்பாவைத் திறந்தார். பிறகு நாக்கைத் தூக்கி அலகைத் தள்ளி பெரியதைத் திறந்தார். மூடியைக் குனிந்து பார்த்துவிட்டு, “இத செஞ்ச மவராசனுக்கும் நம்மளப் போல கைதானாலே?” என்று கேட்டார். இல்லை, என் அண்ணன், நல்ல கைக்காரர் என்றேன். அவர் நம்பவில்லை. “நல்ல கைக்காரனுக்கு இது எப்படிலே தெரியும்” என்கிறார்.

டாக்டர் அம்மா நாற்பது வேண்டும் என்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புவார்களாம். உங்களுக்குத் தனியாக எழுதுவார்கள்.

எனக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்திருக்கிறார்கள். மாவுக்கட்டுப் பிரித்து விரலைப் பழக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதன்பின் கொழும்பிலிருந்து நான் எப்போது திரும்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள். திரும்ப வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்.

செண்பகராஜ்


கோவில்பட்டி
31-8-1958

அன்புள்ள தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் சாத்தூரிலிருந்து பையனின் அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் நாள் குறிக்க வந்தார்கள். காபி ஆவதற்குள் பையனின் அப்பா பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார். மேஜையில் மாதிரிக்கு வைத்திருந்த திறப்பானைக் கையில் எடுத்தார். நாக்கைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். “இது யாரு மூளை அண்ணாச்சி? நல்லா இருக்கே” என்றார்.

என் தம்பி, கொழும்பில் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். காபித் தட்டோடு வாசலில் நின்ற பேபி முந்திக்கொண்டாள். “எங்க சித்தப்பா வரஞ்சு அனுப்புனாவ. அவிய கொழும்புல இல்ல. மிஷன் ஆஸ்பத்திரில இருக்காவ. பெருவியாதி வந்துச்சு, இப்பம் கொணமாயிட்டு” என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. உன் கடிதங்களை எல்லாம் அரம் வைக்கும் பெட்டியில் போட்டிருந்தேன். அவள் எப்போதோ எடுத்து வாசித்திருக்கிறாள்.

அவர் திறப்பானைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். காபி குடிக்கவில்லை. “யோசிச்சுச் சொல்லுதோம்” என்று கிளம்பினார்கள். நாலாம் நாள், வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

மதினி இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நான் பேபியைத் திட்டக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்றதும், போய் அம்மாவைப் பார் என்று அனுப்பிவிட்டேன். ஒன்றரை வருஷமாக யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும் கொழும்புக் கதையைச் சொல்லிவிட்டு லேத்துப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லுகிறேன். ஜின்னிங் பாக்டரிக்காரர் ஒருவர் கொடுத்த வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வழக்கம்போல வருகிறார்கள்.

நீ வந்துவிடு.

பூவனலிங்கம்


மிஷன் ஆஸ்பத்திரி
12-9-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை வாசித்து முடித்தபோது என் வாழ்நாளில் முதல் தடவையாக இந்த வியாதியை வெறுத்தேன். இத்தனை நாள் அது என்னைத்தான் பிடித்திருந்தது.

நான் வர மாட்டேன். நான் வந்து பட்டறையில் உட்கார்ந்தால் இன்னொரு இடம் எப்படி வரும்? வருகிறவன் என் கையைத்தான் முதலில் பார்ப்பான். இங்கே தச்சு, இரும்பு வேலை சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். சாப்பாடும் தங்க இடமும் உண்டு. சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். விரல்கள் நிமிர்ந்துவிட்டன. அரம் பிடிக்க முடிகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

மதினியிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். பேபியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செண்பகராஜ்


கோவில்பட்டி
26-10-1958

அன்புள்ள தம்பி செண்பகராஜுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை. ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவிப் பொட்டு வைத்த பிறகு, பேபியிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியதையும் சேர்த்து, அவளிடமே கொடுத்தேன்.

வாசித்துவிட்டு, “சித்தப்பா வரலேன்னா நான் அன்னைக்குச் சொன்னது எதுக்குப்பா?” என்றாள். பிறகு, “என்னக் கெட்டிக்கிட வாரவன் சித்தப்பா கையப் பாத்துட்டே வரட்டும். பாத்துட்டுப் போறவன் போகட்டும்” என்றாள். பத்தொன்பது வயதுப் பெண். எனக்கு நாற்பத்தாறு.

மதினிக்குப் பயம் முழுசாகப் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றுத் தானாகவே பின்கட்டு அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்டாள். “நானும் வாரேன். அந்த டாக்டர் அம்மாகிட்ட நாலு கேள்வி கேக்கணும்” என்கிறாள். அவள் கேட்கட்டும். அவர்கள் சொல்லுகிறதை என் வாயால் கேட்பதைவிட அது நல்லது.

ஆகவே நாங்கள் இரண்டு பேரும் வருகிற வாரம் புறப்படுகிறோம். மழை பிடித்துவிட்டது. கரிசல் ரோட்டில் பஸ் எங்கேயாவது புதைந்தால் ஒரு நாள் முன்பின் ஆகும். இன்னும் வரவில்லையே என்று நீ தேடிக்கொண்டிருக்காதே. தீபாவளிக்கு நீ இங்கே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்கிற வேலை நல்ல வேலை. அதற்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன்; போக வேண்டுமென்றால் போ. ஆனால் கேட்ட நாற்பதும் முதலில் ஆக வேண்டும். அங்கே லேத்து கிடையாது, இங்கே பல் வெட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டும். டாக்டர் அம்மா எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நானும் நீயும் உட்கார்ந்தால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குப் பதில் எழுதும்போது, குறைந்தது ஆறு மாதம் ஆகும், அதுவரை நீ இங்கே வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டேன். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

உன் அண்ணன்
பூவனலிங்கம்