இடைவேளைக்குப் பிறகு நான் வராதது

டின்டு அம்மாவுக்கு,

கோவிச்சுக்கிட்டு முதலமடைக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போனதுலருந்து போனை எடுக்கவே மாட்டேங்கிற. அதனாலதான் எழுதுறேன்.

மக நச்சரிச்சான்னு ஞாயித்துக்கிழமை அடிமாலி டவுனுக்குக் கூட்டிப்போய், உலகத்தைக் காப்பாத்துற படம் ஒண்ணு காட்டினேன். மூணு மணி நேரம்! அந்த ஆளு பறக்கிறான், ரயிலைத் தூக்குறான், ஊரையே இடிச்சுப்போட்டுத்தான் காப்பாத்துறான். இடிஞ்ச வீட்டையெல்லாம் யாரு கட்டித் தருவா? கண்ணை மட்டும் துணியால மறைச்சுக்கிட்டா பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியலையாம். நீ என் இருமலை வச்சே நம்ம எஸ்டேட் லயத்து வீடுங்க முனையில வர்றப்பவே கண்டுபிடிச்சிருவ.

"இதையெல்லாம் நம்புறியாடி?"ன்னு டின்டுகிட்ட கேட்டேன்.

"அவர் பயந்து ஓடலையேப்பா"ன்னா. முன் சீட்டுக்காரங்க திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க.

நீ சொல்லிக்கொடுத்ததுதானே?

போன மாசம் நீ ஆசையா கூட்டிப்போன அந்தப் பழைய பேய்ப்படம் மட்டும் என்னவாம்? நாப்பது வருசமா ஜனம் கொண்டாடுதாம். பேய்க்கு வேற வேலையே இல்ல, கதவைத் திறந்து திறந்து மூடுது. அந்த வீட்டு ஆளுங்களுக்கும் புத்தி இல்ல, விளக்கைப் போடாம மாடிக்கு ஏறுறாங்க. இதுக்குப் போய் எவனாவது பயப்படுவானா?

நான் பயந்தேன்.

இடைவேளையில டீ வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு, உன்னைத் தியேட்டருக்குள்ளேயே விட்டுட்டு வீட்டுக்கு ஜீப் ஏறிட்டேன். நீ மழையில நனைஞ்சு, தனியா பஸ்ஸுல வந்து கேட்டப்ப, தலைவலின்னு பொய் சொன்னேன். பொய் சொன்னதுமில்லாம உன்கிட்டயே கத்தினேன்.

வர்ற சனிக்கிழமை முதலமடைக்கு வர்றேன். உன் அண்ணன் முன்னாடியே இதைச் சொல்றேன், அவர் மாந்தோப்பு ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டுச் சிரிக்கட்டும். நீ வெளியே வர எவ்வளவு நேரமானாலும் வாசல்லயே நிப்பேன்.

உன் வீட்டுக்காரன்