இறந்தோர் பூசையில் ஒரு பெயர்

வோர்னம்பூல், விக்டோரியா
9 மார்ச் 2025

அன்பு மெற்றில்டாவுக்கு,

உமது கடிதம் புதன்கிழமை வந்தது. பக்கத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து உமக்கு ஒரு காது கேளாது. போனில் நான் கத்தினால் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டுகிறான். எழுதுவதுதான் இருவருக்கும் நிம்மதி. படகேறி வந்த நாள் முதல் நான் மனைவியோடு குடும்பம் நடத்துவது இந்தக் கடதாசியில்தானே.

"நீங்கள் இருக்கிற ஊரில் அப்படி என்ன இருக்கிறது? அந்த நாட்டிலேயே பிளாக்டவுனில் இருக்கிற என் தங்கச்சி றொசானாவே அந்தப் பெயரைக் கேள்விப்படவில்லையாம்" என்று எழுதியிருந்தீர். வாசித்துச் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. பெரிய நகரங்களுக்கு வெளியே வேலை செய்யவேண்டும் என்ற விசா நிபந்தனையில் இங்கே வந்து விழுந்தவன் நான். இறைச்சித் தொழிற்சாலை, அறை, ஞாயிறு பூசை. வேறு எதையும் எட்டிப் பார்த்ததில்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் வழி கேட்டால் கையை விரிப்பேன்.

ஆகவே இன்று பூசை முடிந்ததும் நடந்தேன். கடலுக்கு மேலே ஒரு குன்று. அதில் இரண்டு வெளிச்சவீடுகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு வெளிச்சமும் ஒரே கோட்டில் தெரிந்தால் கப்பல் துறைக்குள் பயமில்லாமல் வரலாமாம். பக்கத்தில் பழைய பீரங்கிகள். ரஷ்யாக்காரன் வருவான் என்று பயந்து அந்தக் காலத்தில் வைத்தார்களாம், ரஷ்யாக்காரன் வரவேயில்லை. பழைய துறைமுகத் தெரு ஒன்றை அப்படியே கட்டி வைத்து, நுழைவுச் சீட்டு விற்கிறார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு பீங்கான் மயில் நிற்கிறது. அது வந்த கப்பல் பாறையில் மோதி உடைந்து, கிட்டத்தட்ட எல்லாரும் செத்துப்போனார்கள். மயில் மட்டும் பெட்டியோடு கரை ஒதுங்கியது. அதற்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

உமக்கு விசா கிடைத்து நீர் வந்து இறங்கும்போது ஊர் தெரியாதவனாக நிற்கக் கூடாது. இனி ஒவ்வொரு ஞாயிறும் ஓரிடம் பார்த்து எழுதுவேன். மருந்தை ஒழுங்காகக் குடியும்.

உம்முடைய,
பேதுரு


விடத்தல்தீவு, மன்னார்
6 ஏப்ரல் 2025

எறிக்கின் அப்பாவுக்கு,

பீரங்கி இருக்கிற ஊருக்கா என்னைக் கூப்பிடுகிறீர்கள்? இங்கே பார்த்தது காணாதா? பக்கத்து வீட்டுச் சூசையம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வராத சண்டைக்குப் பீரங்கி வச்ச ஊர் நல்ல ஊர்தான், போ" என்கிறாள்.

மயிலைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் செத்த கப்பலில் வந்த பொருளைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பார்களா?

கொழும்பில் விசாவுக்கான மெடிக்கல் முடிந்தது. டொக்டர் பிள்ளை நல்லவள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். ஒரு மகன், பெயர் எறிக் என்றேன். எங்கே இருக்கிறார் என்றாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் மன்னார் ரவுணில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு வழமைபோல நின்றோம். வெயில் சாகடித்தது. முந்திப் பந்தல் நிறைந்து வழியும். இப்போது இருக்க ஆளில்லாமல் கதிரைகள் மிஞ்சுகின்றன. மீனாம்பாள் அக்கா நிற்க முடியாமல் இருந்துகொண்டே மகளின் படத்தைப் பிடித்திருந்தா. படம் சாய்ந்து போகுது என்று நான் ஒரு கையால் பிடித்துக்கொடுத்தேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அங்கே வந்த பிறகு, எறிக் பற்றி ஏதும் தகவல் என்று கூப்பிட்டால் உடனே திரும்பி வர விடுவார்களா? இதைச் சரியாக விசாரித்து எழுதுங்கள். கடலையும் வெளிச்சவீட்டையும் பிறகு பார்ப்போம்.

இப்படிக்கு,
மெற்றில்டா


வோர்னம்பூல்
20 ஜூலை 2025

அன்பு மெற்றில்டாவுக்கு,

விசா வந்த செய்தியை றொசானா சொல்ல நீர் குசினிக்குள் போய் அழுதீராம். நானும் வேலையிடத்தில் கையுறையோடு நின்று அழுதேன். நீர் விரும்பிய நேரம் போய் வரலாம். வக்கீலிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். டிசம்பர் பதின்மூன்றாம் திகதிக்கு ரிக்கற் போட்டிருக்கிறது. ஒரு சின்ன வீடும் எடுத்துவிட்டேன். இரண்டு அறை. யன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல் கேட்கும், உமது நல்ல காதுக்கு.

இப்போது இங்கே கடும் குளிர். திமிங்கிலம் குட்டி போடக் கரைக்கு வரும் காலம். மரத்தால் ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். போர்வையும் பிளாஸ்க்கும் கொண்டு வந்து, சனம் மணித்தியாலக் கணக்கில் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கும். நானும் நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஒருவரும் கோபப்படவில்லை, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

போன கிழமை வெரிபீயிலிருந்து சிறிதரன் காரோடு வந்தான். படகால் இறங்கியதும் எங்களை வைத்திருந்த முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன், நினைவிருக்கும். அந்த மயில் வந்த கப்பல் உடைந்த இடத்துக்குக் கூட்டிப் போனான். பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக்காரர் வந்து இறங்குகிறார்கள். மலைமுகட்டில் ஒரு சிறு மயானம். நாலைந்து பேரைத்தான் கடல் திருப்பிக் கொடுத்ததாம். மற்றவர்கள் கிடைக்கவேயில்லை. ஆனாலும் அவர்கள் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. தகப்பன், தாய், பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே போய், ஒரு மகள் மட்டும் தப்பியிருக்கிறாள்.

உடல் இல்லாமலும் ஒரு ஆளுக்குக் கல் வைக்கலாம் என்று எனக்கு இவ்வளவு காலமும் தோன்றவில்லை, மெற்றில்டா. கன நேரம் நின்றேன். சிறிதரன் காரில் இருந்து ஹோர்ன் அடித்தான். எனக்கு எறிக்கின் நினைவு.

பேதுரு


விடத்தல்தீவு
24 ஓகஸ்ட் 2025

எறிக்கின் அப்பாவுக்கு,

மீனாம்பாள் அக்கா போய்விட்டா. காய்ச்சல் என்று படுத்தவ எழும்பவில்லை. அவவுக்கு வேறு ஆட்கள் இல்லை. செத்த வீட்டில் அந்தப் பிள்ளையின் படம் சுவரோரம் சாத்திக் கிடந்தது. யார் எடுப்பது என்று எல்லாரும் ஆளை ஆள் பார்த்தார்கள். நான் எடுத்து வந்தேன். இந்த மாதம் இரண்டு படத்தோடு நின்றேன். ஒரு கையில் எறிக், மற்றக் கையில் அவவின் மகள். கை உளைகிறது.

நீங்கள் எழுதிய கல்லைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். கப்பல் உடைந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள், கல் வைத்தார்கள். எங்கட பிள்ளையை நான் உயிரோடு பஸ்ஸில் ஏற்றினேன். சண்டை முடிந்து வெளியே வந்த அன்று, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நீங்கள் காயத்தோடு படுத்திருந்தீர்கள், உங்களுக்கு நினைவில்லை. "விசாரிச்சுப்போட்டு விடுவம், அம்மா" என்றான் ஆமிக்காரன் ஒருவன், நல்ல தமிழில். எறிக் என்னைப் பார்த்து, "அப்பாவைப் பாருங்கோ, நான் வாறன்" என்றான். வாறன் என்று சொன்ன பிள்ளை. அந்தப் பஸ் எந்தக் கடலில் உடைந்தது என்று எனக்கு யாரும் காட்டவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. வருவேன். சூட்கேஸ் வாங்கிவிட்டேன், சிவப்பு நிறம், றொசானா சொன்ன அளவு. வீட்டைப் பூட்டித் திறப்பைச் சூசையம்மாவிடம் கொடுக்கிறேன். இரவில் முன் லைற் எரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படங்களை மூன்று மாதம் அவள் பிடிப்பாள். அதற்குள் ஒரு தரம் வந்து போகவேண்டும். அதற்கு நீங்கள் மறுக்கக் கூடாது.

அந்த வீட்டுக் குசினி பெரிதா? மீன் கிடைக்குமா?

மெற்றில்டா


வோர்னம்பூல்
4 நவம்பர் 2025

அன்பு மெற்றில்டாவுக்கு,

குசினி சின்னது. மீன் கிடைக்கும், தலையை வெட்டி எறிந்துவிட்டுத் தருவார்கள். தலை வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீர் வருமுன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் துணிவு வராது.

இங்கே எங்கள் கோயில் பழைய கற்கோயில். பூசை இல்லாத நேரம் வெளியூர்க்காரர் வந்து கண்ணாடி யன்னல்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே இறந்தோர் திருநாளுக்கு, செத்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பங்குச் சுவாமி பூசையில் வாசிப்பார். ஒவ்வொரு வருடமும் ஆட்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இந்த முறை பேனையை வாங்கி எறிக்கின் பெயரை எழுதினேன்.

அந்த மலைமுகட்டுக்குப் போய் வந்த பிறகு என்னால் முன்போல இருக்க முடியவில்லை. சுவாமி வாசித்தார். எங்கட குடும்பப் பெயர் அவர் வாயில் வரவில்லை, இரண்டு தரம் தடக்கினார். ஆனால் எறிக் என்று தெளிவாகச் சொன்னார். எல்லாரும் அவனுக்காகச் செபித்தார்கள், மெற்றில்டா. அவனைத் தெரியாத வெள்ளைக்காரச் சனம் முழங்காலில் நின்று செபித்தது. நான் முன்னாலிருந்த வாங்குப் பலகையில் தலையை வைத்து அழுதேன். பக்கத்தில் இருந்த கிழவி என் முதுகில் கையை வைத்தபடி இருந்தா.

அவன் இல்லை என்பது எனக்குக் கன காலமாகத் தெரியும். உமக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேருமாக இருந்து அழுதால் தாங்கலாம். அதற்காகத்தான் உம்மைக் கூப்பிடுகிறேன். வாரும்.

பேதுரு


விடத்தல்தீவு
23 நவம்பர் 2025

எறிக்கின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சூசையம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நான் பெற்ற பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்த்து வாசிப்பித்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இங்கே எத்தனை பேர் வந்து, "பிள்ளை செத்துப்போச்சு எண்டு கையெழுத்து வையுங்கோ, உதவி தாறம்" என்று கேட்டார்கள். ஒருவருக்கும் வைக்கவில்லை. பட்டினி கிடந்த நாளிலும் வைக்கவில்லை. வெளியில் ஆருக்கும் விட்டுக்கொடுக்காததை நீங்கள் கோயிலுக்குள் கொடுத்துவிட்டீர்கள்.

எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் தினமும் எழும்புகிறேன். தெரிந்துவிட்டால் எதற்கு எழும்புவது?

உங்களை ஏசிப் பேச எனக்கு மனமில்லை. தனியாக இருந்து உங்களுக்கு இப்படி ஆகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சுவாமியிடம் போய், என் மகன் உயிரோடு இருக்கிறான், பிழையாக எழுதிவிட்டேன், காணாமல் போனவனுக்காகச் செபியுங்கள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்பதற்குச் சூசையம்மாவின் போனுக்கு "ஓம்" என்று ஒரு சொல் அனுப்புங்கள். நான் விமானம் ஏறுவேன். உங்களுக்குச் சமைத்துப் போடுவேன், உங்களோடு போய் அந்தக் கடலையும் பார்ப்பேன், இதைப் பற்றி ஒரு நாளும் பேச்செடுக்க மாட்டேன்.

போன் எடுக்க வேண்டாம். நான் கதைக்க மாட்டேன்.

மெற்றில்டா


வோர்னம்பூல்
15 டிசம்பர் 2025

அன்பு மெற்றில்டாவுக்கு,

உமது கடிதம் கிடைத்த அன்றே சுவாமியின் வீட்டுக்குப் போனேன். அவர் கதவைத் திறந்து, உள்ளே கூட்டிப் போய்த் தேத்தண்ணி தந்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். கோப்பை ஆறும் வரை இருந்தேன். பிறகு மனைவி வருகிறா என்று சொன்னேன். நல்லது என்று சந்தோஷப்பட்டார். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல எனக்கு முடியவில்லை. நீர் கேட்டது ஒரு சொல்தான். அனுப்பியிருந்தால் இப்போது நீர் குசினியில் நின்றிருப்பீர். போனில் அந்தச் சொல்லை எழுதி எழுதி அழித்தேன். ஆனால் அவனை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றி, மறுபடியும் அந்த விசாரணைக்கு அனுப்பி, அங்கே அவனை வைத்துக்கொண்டு நான் சோறு தின்ன முடியாது. பதினாறு வருடம் அப்படித்தான் தின்றேன். அவன் எங்கோ ஒரு அறைக்குள் அடி வாங்குகிறான் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு பிடியும் விழுங்கினேன். அந்தப் பூசைக்குப் பிறகு அவனை யாரும் அடிக்கவில்லை.

உமக்கு அவன் வருகிறவன். எனக்கு அவன் நோகாமல் இருக்கிறவன். இந்த இரண்டு எறிக்கையும் ஒரு வீட்டுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் திகதி மெல்பேர்ண் விமான நிலையத்துக்குப் போனேன். நீர் அந்த விமானத்தில் இல்லை என்று தெரியும். சிறிதரன் வேண்டாம் என்று தடுத்தான். பிறகு அவனே கூட்டிப்போனான். கதவு திறந்து திறந்து சனம் வந்தது. சேலை கட்டிய ஒரு மனுசி தள்ளுவண்டியோடு வந்து எங்கும் பார்த்தா. மகன்காரன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். நாங்கள் கடைசி ஆள் வரும் வரை நின்றுவிட்டு வந்தோம்.

படங்களைக் கீழே வைக்க வேண்டாம். உமது கைக்கு முடிகிற வரைக்கும் பிடியும். நான் அனுப்புவதை வழமைபோல அனுப்புவேன், அதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை.

வீட்டை விட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு இரண்டு அறை எதற்கு? மாதக் கடைசியில் தொழிற்சாலைப் பெடியளோடு பழைய அறைக்குப் போகிறேன். எழுத மனம் வந்தால் அந்த விலாசத்துக்குப் போடும்.

பேதுரு