அடுப்புக்குப் போன தாள்

மே 2, வெள்ளி

மருத்துவமனை லிஃப்டின் கதவு பாதி வந்து நின்று, மறுபடி திறந்துகொள்கிறது. சென்சாரில் தூசி. ஐந்து நிமிட வேலைக்கு மூன்று பேர் நின்று யோசனை சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு வந்தால் அக்காவின் போன்.

அடுத்த வாரம் கடலோரத் தேசியப் பூங்காவுக்குப் போகிறார்களாம். கூடாரம், மலைப்பாதையில் நடை. "நீயும் வா. உன் பொண்ணோட ரெண்டு நாள் இருந்த மாதிரியும் ஆச்சு" என்றாள். என் பெண்ணோடு நான் இருக்க எனக்கு அழைப்பு!

என் பெண்ணின் அம்மா இறந்து மூன்று வருடம். எந்த நேரத்தில் எந்த லிஃப்ட் நின்று என்னைக் கூப்பிடும் என்று சொல்ல முடியாது. "பத்தாவது முடியிற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்" என்று அக்கா அழைத்துப் போனாள். பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இனி என் வீட்டுப் பக்கத்துப் பள்ளியா, அவர்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளியா? "பூங்காவுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்பா" என்கிறாள் பெண். அதனால்தான் போகிறேன். இல்லாவிட்டால் அந்த ஆளோடு நான் ஒரே கூடாரத்தில் படுப்பேனா?

அந்த ஆள் என்றால் அக்கா வீட்டுக்காரர். பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். ஊருக்கு மாமா, எனக்கு அட்டவணை. பயணத்துக்கும் ஒன்று தயாரித்து அனுப்பியிருக்கிறார். 6.10 துயிலெழுதல். 6.25 பல் துலக்கல். இடையில் பதினைந்து நிமிடம் என்ன செய்வதாம்?

மே 8, வியாழன்

என் பழைய தூக்கப்பை வேண்டாமாம். எனக்கும் சேர்த்து அவரே வாங்கிவிட்டாராம். நான் கேட்டேனா?

மே 9, வெள்ளி

வந்து சேர்ந்தோம். செங்குத்துப் பாறைகளுக்கு மேலே புல்வெளி, அதில் முகாம். கீழே கடல். காற்று பிய்த்துக்கொண்டு போகிறது.

கூடாரத்தின் முளைகளை அடித்தேன். அட்டவணை பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் பிடுங்கி, சாய்த்து அடித்தார். "நேரா அடிச்சா காத்துக்குப் பிடுங்கிக்கும்." பதினெட்டு வருடமாக நூறு பேர் உயிரைக் கம்பியில் தொங்கவிடுகிறவனுக்கு முளை அடிக்கத் தெரியாதாம். என் பெண் சுத்தியலை அவரிடம்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அக்காவிடம் முணுமுணுத்தேன். "வேண்டாத பொண்டாட்டி கைபட்டா குத்தம், கால்பட்டா குத்தம். உனக்கு அவர் அப்படி ஆயிட்டாரு" என்றாள்.

நாளை காலை கடற்கரையோரம் நடையாம். பாறைக்கும் கடலுக்கும் நடுவில் மணல் பட்டை; நீர் ஏறினால் மூழ்கிவிடும். ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் ஒரு தாளில் அச்சடித்து, கிளிப் போட்டு, சாப்பாட்டுப் பெட்டி மேல் வைத்திருக்கிறார். யாரும் தொடக் கூடாதாம்.

மே 10, சனி, காலை

எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிட்டேன். தேநீர் வைக்க முகாமின் இரும்பு அடுப்பைப் பற்றவைத்தால், விறகெல்லாம் பனியில் ஊறிக் கிடக்கிறது. காகிதம் வேண்டும். கையில் கிடைத்தது அந்தத் தாள்தான் — பொய். பையில் பழைய செய்தித்தாள் இருந்தது. தெரிந்தேதான் எடுத்தேன். கிளிப்போடு போயிற்று. நன்றாகப் பற்றியது. தேநீரும் நன்றாக இருந்தது.

மே 10, சனி, மாலை

எழுதிவிட வேண்டும்.

தாளைத் தேடினார். பெட்டி, பை, கார் எல்லாம். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். "காத்துல போயிருக்கும்" என்றாள் அக்கா. "தண்ணி மணலை மூடுறது பதினொண்ணரையா, பன்னெண்டரையான்னு நினைவில்ல. மேல் பாதையிலேயே போவோம்" என்றார் அட்டவணை.

"கடலைப் பார்க்கக்கூடக் காகிதம் வேணுமா? நாங்க கீழ போறோம்" என்றேன். பெண்ணைப் பார்த்தேன். ஒரு கணம் நின்று, என்னோடு வந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். முட்டாள்! முட்டாப் பய!

பதினொன்றே முக்கால் இருக்கும், எதிரே மணல் இல்லை. திரும்பினால் பின்னாலும் இல்லை. ஒரு பாறையில் ஏறிக்கொண்டோம். அலை முழங்காலில் அடித்தது.

"நீந்தலாமாப்பா?"

"வேணாம். நின்ன இடத்துல நில்லு. ஆள் வருவாங்க." லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் நான் எப்போதும் சொல்வது. அங்கே வருகிற ஆள் நான்.

"யாரு வருவா?"

நாங்கள் இறங்கியது தெரிந்தவர்கள் இரண்டே பேர். "மாமா வருவாரு" என்றேன். அதைச் சொல்ல நேர்ந்ததே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வந்தார். பூங்காக் காவலர்கள் இரண்டு பேரையும் கயிற்றையும் கூட்டிக்கொண்டு, மூட்டுவலிக் காலோடு அந்தச் சரிவில் பாதி தூரம் இறங்கி வந்தார். பெண்ணை முதலில் தூக்கினார்கள். மேலே போனதும் அவளிடம், "தாளைத் தொலைச்சது என் தப்பும்மா" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மே 11, ஞாயிறு

கூடாரத்தைப் பிரித்தோம். வழியெல்லாம் அக்கா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஊருக்கெல்லாம் நேரம் சொல்றவருக்கு ஒரு தாளைப் பத்திரமா வைக்கத் தெரியல." அவர் பேசாமல் காரை ஓட்டினார். பெண் காரின் உள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூங்குவது போல் இருந்தேன்.

மே 14, புதன்

பெண் போன் செய்தாள். எந்தப் பள்ளி என்று சொல்லத்தான் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"நீங்க அந்தத் தாளை அடுப்புல வச்சதை நான் கூடாரத்துக்குள்ளேருந்து பார்த்தேன்பா."

"அப்ப ஏன் என்கூடக் கீழ வந்த?"

"நீங்க தனியாப் போயிடுவீங்கன்னுதான்."

பிறகு சொன்னாள்: "அத்தை மாமாவைத் திட்டுனப்பவாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." வைத்துவிட்டாள். பள்ளியைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மே 15, வியாழன்

வேலையில் கவனம் இல்லை. சோறு இறங்கவில்லை.

மே 16, வெள்ளி

அட்டவணைக்கு நானே போன் செய்தேன். "மாமா, அந்தத் தாளை எரிச்சது நான்தான்."

"தெரியும். ஞாயித்துக்கிழமை அடுப்பைக் கழுவும்போது சாம்பல்ல கிளிப் கிடந்துச்சு."

"அக்கா அவ்வளவு திட்டினாளே, ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பத்து நாள் வச்சிருந்தேன். அஞ்சே நாள்ல சொல்லிட்ட."

பத்து நாள் கெடு! எனக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்! இந்த ஆளை நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டார். மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்டக் கேட்கிறது இருக்கட்டும். பொண்ணுகிட்டக் கேளு" என்றார். அதிலும் அவர்தான் சரி. எரிச்சலாக இருக்கிறது.

கேட்டேன். கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

மே 31, சனி

நேற்று மாலை வந்தாள். ஒரே ஒரு பை. மற்றதெல்லாம் அங்கேயே இருக்கிறது. பள்ளியும் அந்தப் பக்கம்தான், சேர்ந்தாகிவிட்டது. நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கட்டம் போட்ட ஒரு தாள். அவள் கையெழுத்து. வெள்ளி 5.30, அப்பா பள்ளிக்கு வந்து கூட்டிப் போக வேண்டும். லிஃப்ட் கூப்பிட்டால் மாமா கொண்டுவந்து விடுவார். ஞாயிறு 6.00, அத்தை வீடு. அடியில் சின்ன எழுத்தில், இதை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மேலே மட்டும்தான் ஒட்டியிருந்தாள். கருவிப் பெட்டியிலிருந்து டேப் எடுத்துவந்து நாலு பக்கமும் ஒட்டினேன்.