பேச்சியம்மாளின் கட்டைவிரல்

திங்கள், ஐப்பசி 3

தூறல். கரண்ட் இல்லை. வக்கீல் கோட்டில் ஒரு பித்தானைக் காணோம். ஊரே பனியன் தைக்கிறது, என் கோட்டுக்குப் பித்தான் வைக்க ஆளில்லை.

முதல் வக்காலத்து! அறுபத்தாறு வயதில். கம்ப்யூட்டர், புத்தகம் பார்த்து நானாகப் படித்தது. சட்டம், பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தது. இரண்டும் தெரிந்தவனை இந்த ஊர் இன்னும் 'பிரிண்டர் ரிப்பேர்காரர்' என்கிறது. இருக்கட்டும்.

கட்சிக்காரர் பேச்சியம்மாள். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், இப்போது இங்கே மண்ணரையில். பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் இஸ்திரி வேலை. அது போய்விட்டது.

"அஞ்சு கம்பெனி ஏறி எறங்கிட்டேன்யா. பேரும் படமும் போட்டதும் கம்ப்யூட்டர்ல செவப்பு வருது. களவாணியப் பாக்க மாதிரி பாக்காவ."

ஏன் சிவப்பு? ஒருவரும் சொல்லவில்லையாம்.

"ரேகை தேஞ்சி போச்சுல்லா, அட்டண்டன்ஸ் மெசின் எடுக்கல. சூப்பர்வைசர்தான் பக்கத்து டேபிள் செல்வி வெரல எம்பேருக்கு வைக்கச் சொன்னாவ."

செவ்வாய்

கம்பெனி மேனேஜரிடம் கேட்டவை:
1. அவள் விவரம் மற்ற கம்பெனிக்குப் போனது யார் அனுமதியில்?
2. அவளைப் பற்றிய பதிவின் நகல்.

சிரித்தான். "ஏனுங்கண்ணா, கட்டைவெரல்ல என்னங்க ரகசியம்? டம்ளரத் தொட்டாலே ரேகை பதியுமுங்க."

"டம்ளர் அஞ்சு கம்பெனிக்குப் போயி சொல்லாதுங்க."

நகல் தந்துவிட்டான்! டீ குடிக்கவும் மறந்து பஸ் ஏறினேன்.

புதன்

நகலில் ஒரே வரி. காரணம்: இ.பெ.7.

இ.பெ. என்றால் இரட்டைப் பெயர். ஏழு என் பழைய வீட்டு எண். என் குறியீடு! இருபது வருடம் முன் நான் எழுதிய வருகைப்பதிவு புரோகிராம். அப்படியே திருடி, எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக இணைத்து விற்றிருக்கிறார்கள்.

"என்னங்க, தனியாச் சிரிக்கறீங்க?" என் மனைவி சரஸ்வதி.

"திருடனப் புடிச்சிட்டேன்."

வியாழன்

வெயில். என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு விரல் இரண்டு பெயரில் வந்தால் மோசடி என்று குறி. விதி என்னுடையது. சோதித்தது ஆபீஸ் குமாஸ்தாக்கள் ஐந்து பேர் விரலை வைத்து. அயர்ன் டேபிளிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. நீராவியில் ரேகை போகுமா என்று கேட்கவும் இல்லை.

தப்பு என்னுடையது என்று சரஸ்வதியிடம் சொன்னேன்.

"உங்க தப்புங்களா? காலண்டர்ல குறிச்சு வெக்கட்டுங்களா?"

வெள்ளி

விதி தப்பு என்று நிரூபிக்க எழுதியவனே சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி அதே வழக்கில் வக்கீலாக இருக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். மாறவில்லை.

பக்கத்து அறை வக்கீல் ஸ்டெல்லாவிடம் கேஸ் கட்டைக் கொடுத்தேன்.

"ஐயா, உங்க மொதக் கேஸுங்க."

"தெரியும். கையெழுத்துப் போடும்மா."

புதன், ஐப்பசி 12

தொழிலாளர் அலுவலகம். கோட்டில் ஸ்டெல்லா, கோட்டு இல்லாமல் வேட்டியில் நான். பேச்சியம்மாள் மெஷினில் பத்து முறை விரல் வைத்தாள். பத்தும் எடுக்கவில்லை.

அதிகாரி: "இந்த விதிய எழுதினது யாரு?"

"நானுங்க."

"தப்புன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"எழுதினவனுக்குத் தெரியாதுங்களா?"

எல்லாக் கம்பெனியிலும் அவள் பெயரில் உள்ள குறியை அழிக்க உத்தரவு! திருட்டைப் பற்றி இன்று பேசவில்லை. விடப்போவதும் இல்லை.

வியாழன்

பல்லடம் ரோடு கம்பெனி வாசலிலிருந்து பேச்சியம்மாள் போன். "பச்சய்யா! பச்ச!" பின்னால் பஸ் ஹாரன். நானும் கத்தினேன் போல, சரஸ்வதி ஓடி வந்தாள்.

மாலை வாசலில் நாலு பேர். எல்லாம் அயர்ன் டேபிள். நுழையும்போதே கட்டைவிரலை நீட்டுகிறார்கள். நாலு பேருக்கும் இ.பெ.7. நாலிலும் நான் சாட்சி, ஒன்றிலும் வக்கீல் இல்லை.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். நாற்காலி பற்றவில்லை. சரஸ்வதி பாயை விரித்துவிட்டுக் காலண்டரை எடுத்தாள். "நாலையும் குறிச்சுக்கறனுங்க."